பெஞ்சில் இருக்கிறவன் சும்மா இல்லை!

பட்டிமன்றத் தலைப்பு: கூடைப்பந்து அணிக்கு வெற்றி தேடித் தருவது நட்சத்திர ஆட்டக்காரர்களே! பெஞ்சில் காத்திருக்கும் அனுபவசாலிகளே!

(‘பெஞ்சே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எதிரணியில் நட்சத்திரங்களாக ஜொலித்துக்கொண்டிருக்கிற நண்பர்களே! இவ்வளவு நேரமாகப் பெஞ்சிலே பொறுமையாக உட்கார்ந்திருக்கிற அவையோர்களே! (சிரிப்பு)

ஐயா, இந்த மேடையில் ஆறு பேர் பேசுறோம். அஞ்சு பேர் பேசி முடிச்சாச்சு. ஆறாவது ஆளாக என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. கூடைப்பந்தில் களத்தில் நிற்கிறது அஞ்சு பேர். பெஞ்சிலிருந்து முதலில் எழுந்து வருகிறவனுக்கு ‘ஆறாவது ஆள்’ என்றே பெயர். 1950களில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் கோச் ரெட் அவர்பாக், ஃபிராங்க் ராம்சே என்ற நல்ல ஆட்டக்காரரை வேண்டுமென்றே வெளியே உட்காரவைத்து, எதிராளி களைக்கிற நேரம் பார்த்து உள்ளே அனுப்பினார். அப்போ பிறந்த வழக்கம் அது. 1983இலிருந்து சிறந்த ஆறாவது ஆளுக்கு என்.பி.ஏ.யில் தனிப் பரிசே கொடுக்கிறாங்க. ஆக, நீங்க என்னை ஆறாவதாகக் கூப்பிட்டதிலேயே தீர்ப்பில் பாதியைச் சொல்லிட்டீங்க! (கைதட்டல்)

நடுவர்: மீதிப் பாதியை நான்தான் சொல்லணும். நீங்க பேசுங்க. (சிரிப்பு)

பேசுறேன் ஐயா. எதிரணித் தலைவர் அம்மா என்ன சொன்னாங்க? “மக்கள் டிக்கெட் வாங்குறது நட்சத்திரத்தைப் பார்க்கத்தான், பெஞ்சைப் பார்க்க யாராவது டிக்கெட் வாங்குவானா?”ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. கல்யாணத்துக்கு வர்றவன் மாப்பிள்ளையைப் பார்க்கத்தான் வர்றான். ஆனா சாப்பிடாம போறானா? பந்தியில் பரிமாறுற ஆள் பத்தலைன்னா, மாப்பிள்ளை எவ்வளவு அழகா இருந்து என்னங்க பிரயோஜனம்? (சிரிப்பு) டிக்கெட் விற்கிறது வேற. கோப்பை ஜெயிக்கிறது வேற. நம்ம தலைப்பு வெற்றியைப் பற்றியது.

முதலில் ஒரு கணக்கு. என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிஷம். களத்தில் அஞ்சு பேர். 48ஐ அஞ்சால் பெருக்கினா 240 நிமிஷம். முதல் அஞ்சு பேரும் ஆளுக்கு 36 நிமிஷம் ஆடுறாங்கன்னு வச்சுக்குவோம். அதுவே கடுமையான உழைப்பு. 36 அஞ்சு 180. மிச்சம் 60 நிமிஷம் எங்கே? அந்த 60 நிமிஷத்தை யார் ஆடுறது? எதிரணித் தலைவர் அம்மாவா ஆடுவாங்க? (சிரிப்பு) அதுவும் ஒரு நாள் கூத்து இல்லை. ஒரு சீசனுக்கு 82 ஆட்டம். அதுக்கப்புறம் நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டம் வரைக்கும் போகலாம். ஆறு ஃபவுல் செய்தா எப்பேர்ப்பட்ட நட்சத்திரமும் வெளியேறணும். கணுக்கால் பிசகினா, அது நட்சத்திரத்தின் கணுக்காலான்னு பார்த்தா பிசகுது?

கணக்கு போதும், கதைக்கு வருவோம். 2010 ஜூலையில் மயாமி ஹீட் அணி மூன்று பெரும் நட்சத்திரங்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. லெப்ரான் ஜேம்ஸ், டிவைன் வேட், கிறிஸ் போஷ். ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே வெற்றி விழா மாதிரி வரவேற்பு! 2011 இறுதிப் போட்டியில் எதிரே வந்து நின்னது டாலஸ் மேவரிக்ஸ். அங்கே பெரிய நட்சத்திரம் ஒருத்தர்தான், ஜெர்மனிக்காரர் டிர்க் நோவிட்ஸ்கி. மற்றவங்க யாரு? 38 வயசு ஜேசன் கிட். பெஞ்சிலிருந்து வர்ற 33 வயசு ஜேசன் டெர்ரி. அப்புறம் ஜே.ஜே. பரேயா. உயரமானவங்க கூட்டத்தில் தேடித்தான் பிடிக்கணும், அவ்வளவு குள்ளம். 2006இல் புது ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்ட் நடந்தப்போ, எந்த அணியும் அவர் பெயரைச் சொல்லவே இல்லை.

இறுதிப் போட்டியில் மயாமி 2-1 என்று முன்னால் இருக்கு. நாலாவது ஆட்டத்தில் டாலஸ் கோச் ரிக் கார்லைல் என்ன செய்தார்? அந்தக் குள்ள மனிதரை முதல் அஞ்சில் நிறுத்தினார். அதுக்கப்புறம் மூணு ஆட்டம், மூணிலும் டாலஸ் வெற்றி!

ஆறாவது ஆட்டத்தைக் கேளுங்க. நட்சத்திரம் நோவிட்ஸ்கி முதல் பாதியில் 12 முறை எறிந்தார். விழுந்தது ஒண்ணே ஒண்ணு! எதிரணி நண்பர்களே, உங்க கட்சிப்படி டாலஸ் அப்பவே மூட்டை கட்டியிருக்கணும். ஆனா பாதி ஆட்டம் முடியும்போது டாலஸ்தான் முன்னால். எப்படி? பெஞ்சிலிருந்து வந்த டெர்ரி அந்தப் பாதியில் மட்டும் 19 பாயிண்ட் எடுத்தார். ஆட்டம் முடியும்போது 27. நோவிட்ஸ்கி பின்பாதியில் சுதாரிச்சுக்கிட்டு அடித்தார், இல்லைன்னு சொல்லலை. ஆனா அவர் சுதாரிக்கிற வரைக்கும் வீட்டைத் தாங்கி நின்ன தூண் எது? (கைதட்டல்) நட்சத்திரத்துக்கும் ஒரு நாள் கை வராது ஐயா. அன்னிக்கு அவனைக் காப்பாத்துறதுக்கு ஒருத்தன் வேணும்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒண்ணு. நானும் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியிருக்கேன். ஆடியிருக்கேன்னா, அணியில் இருந்தேன். பன்னிரண்டாவது ஆள். மூணு வருஷம். பெஞ்ச் தேய்ந்ததே தவிர என் ஷூ தேயலை. (சிரிப்பு) பயிற்சியில் முதல் அஞ்சு பேர் வெள்ளை பனியன். அவங்களுக்கு எதிரே ஆடி அவங்களைப் பழக்குறதுக்காக எங்களை நீல பனியன் போட வைப்பாங்க. மூணு வருஷமும் நான் நீலம்தான். ஒரு நாள்கூட அந்த அஞ்சு பேரோட சேர்ந்து ஆடினது கிடையாது.

கடைசி வருஷம் ஒரு போட்டி. எங்க ஆள் ரெண்டு பேர் அஞ்சாவது ஃபவுலில் வெளியே போயிட்டாங்க. ஒருத்தனுக்குக் கால் பிசகிடுச்சு. கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறார். அங்கே கடலை கொறிச்சுக்கிட்டு நான் ஒருத்தன் இருக்கேன். (சிரிப்பு) உள்ளே அனுப்பிட்டார். ஒரு பாயிண்ட் முன்னால் இருக்கோம். இன்னும் சில விநாடிதான் பாக்கி. பந்து என் கைக்கு வந்துடுச்சு. ஒருத்தன் கையைத் தட்டி, “இங்கே! இங்கே!”ன்னு கத்துறான். பார்த்தேன். நீல பனியன். மூணு வருஷப் பழக்கம் ஐயா... தூக்கி அவன் கையில் கொடுத்துட்டேன். அன்னிக்கு எதிரணியின் நிறம் நீலம்! (பெருஞ்சிரிப்பு)

சிரிக்கிறீங்க. நானும் இப்போ சிரிக்கிறேன். அன்னிக்கு ராத்திரி விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதேன். யாரும் என்னைத் திட்டலை. அதுதான் ரொம்ப வலிச்சது. ‘இவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்’னு விட்டுட்டாங்க. தப்பு என்மேல் இருக்கு. ஆட்டத்தைப் பார்க்காம கடலையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஆனா இன்னொரு தப்பும் இருக்கு. ஒருத்தனை மூணு வருஷம் நீல பனியனிலேயே வச்சிருந்துட்டு, கடைசி நிமிஷத்தில் வெள்ளையை மாட்டி, ‘போ, காப்பாத்து’ன்னா அவன் எங்கே போவான்? பெஞ்ச் என்பது மிச்சம் மீதியைப் போட்டு வைக்கிற பரண் இல்லை. பார்த்துப் பார்த்துக் கட்டவேண்டிய கட்டடம். இதுதான் என் வாதம். (கைதட்டல்)

என் கதையை ஒரு பக்கம் வச்சுக்கிட்டு, 2013 ஜூன் 18ஆம் தேதியைப் பாருங்க. மயாமிக்கும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்கும் இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டம். ஸ்பர்ஸ் 3-2 என்று முன்னால். இந்த ஆட்டத்தை ஜெயிச்சா கோப்பை அவங்களுக்கு. கடைசி அரை நிமிஷத்தில் ஸ்பர்ஸ் அஞ்சு பாயிண்ட் மேலே! கோப்பை கொடுக்கிற விழாவுக்காகக் களத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டவே ஆட்கள் வந்தாச்சு. மயாமி மூணு பாயிண்ட் பின்னால் இருக்கும்போது லெப்ரான் எறிகிறார். நட்சத்திரம். உலகத்திலேயே பெரிய நட்சத்திரம். விழலை! போஷ் எகிறி ரீபவுண்ட் பிடிக்கிறார். அவரும் நட்சத்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன். பிடிச்சவர் யாரிடம் கொடுத்தார்?

வலது மூலைக்குப் பின்காலாலேயே நகர்ந்து போய் நிற்கிறார் ஒருத்தர். ரே ஆலன். 37 வயசு. ஒரு காலத்தில் அவரும் நட்சத்திரம்தான். பாஸ்டனில் கோப்பை ஜெயித்தவர். பாஸ்டன் கொடுக்க முன்வந்ததைவிடக் குறைந்த சம்பளத்துக்கு மயாமி வந்து, பெஞ்சில் உட்காரச் சம்மதிச்சவர். ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னாடியே அரங்கத்துக்கு வந்து, ஆளில்லாத களத்தில் அதே மாதிரி பின்காலால் போய் மூலையிலிருந்து எறிந்து எறிந்து பழகியவர். பந்து கைக்கு வந்தது. கோட்டைக் குனிந்துகூடப் பார்க்கலை. எறிந்தார். மூணு பாயிண்ட்! 5.2 விநாடி மிச்சம். ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் மயாமி 103-100. (கைதட்டல்)

ஏழாவது ஆட்டத்தில்? முதல் அஞ்சில் தன் இடத்தை இழந்திருந்த ஷேன் பேட்டியர் பெஞ்சிலிருந்து வந்து ஆறு மூணு-பாயிண்ட் அடித்தார். கோப்பை மயாமிக்கு. எதிரணிப் பேராசிரியர், “2013 மூன்று நட்சத்திரங்களின் வெற்றி”ன்னு சொன்னாரே, அந்த ரெண்டு பேரைக் கழிச்சுட்டுச் சொல்லுங்க பார்ப்போம்!

அன்னிக்குத் தோற்ற ஸ்பர்ஸ் வீட்டுக்குப் போய் அழுதுக்கிட்டு இருக்கலை. அவங்க கோச் கிரெக் பாபோவிச் அடுத்த சீசன் முழுக்க ஒரு காரியம் செய்தார். யாரையும் சராசரியா 30 நிமிஷம்கூட ஆடவிடலை. டிம் டங்கனானாலும் சரி, டோனி பார்க்கரானாலும் சரி. மிச்ச நிமிஷத்தை எல்லாம் பெஞ்சுக்குப் பிரிச்சுக் கொடுத்தார். அப்படி ஆடியே 62 வெற்றி. அங்கே நீல பனியன், வெள்ளை பனியன் பேதமே இல்லை ஐயா!

யார் அந்தப் பெஞ்ச்? அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி. 1999 டிராஃப்டில் மொத்தம் 58 பெயர், இவர் 57ஆவது. பந்தியில் கடைசி இலைக்கு முந்தின இலை! (சிரிப்பு) ஆஸ்திரேலியாவின் பேட்டி மில்ஸ். 2009இல் 55ஆவது. பிரான்ஸின் போரிஸ் டியா. 2012இல் ஓர் அணி சீசன் நடுவிலேயே விடுவிச்சுட்ட ஆள். ஊரெல்லாம் வேண்டாம்னு தள்ளினதைப் பொறுக்கி எடுத்து மாலையாகக் கட்டினார். 2014 இறுதிப் போட்டி, மறுபடியும் அதே மயாமி, அதே மூன்று நட்சத்திரம். அஞ்சாவது ஆட்டத்தில் ஸ்பர்ஸ் 22-6 என்று பின்னால். பெஞ்சிலிருந்து 36 வயசு ஜினோபிலி எழுந்து வந்தார். மில்ஸ் எழுந்து வந்தார். 19 பாயிண்ட் அவர், 17 பாயிண்ட் இவர். முடிவு 104-87. தொடர் 4-1.

நடுவர்: மைக்கேல் ஜோர்டனைச் சொன்னாங்களே, அதுக்குப் பதில் உண்டா?

உண்டு ஐயா, நன்றி. ஜோர்டன் மாதிரி ஒருத்தர் பிறக்கணும்னா தவம் செய்யணும். அவரையே கேட்போம். 1997 இறுதிப் போட்டி, ஆறாவது ஆட்டம், சிகாகோ புல்ஸும் யூட்டா ஜாஸும் 86-86. கடைசி விநாடிகள். ரெண்டு பேர் தன்மேல் பாய்வாங்கன்னு ஜோர்டனுக்குத் தெரியும். ஆட்ட இடைவேளையிலேயே பக்கத்தில் இருந்தவரிடம் ‘தயாராக இரு’ன்னு சொல்லி வச்சார். சொன்ன மாதிரியே ரெண்டு பேர் பாய்ந்தாங்க. பந்தைத் தட்டிவிட்டார். வாங்கி எறிந்தவர் ஸ்டீவ் கெர். பெஞ்ச் ஆட்டக்காரர். 1988 டிராஃப்டில் 50ஆவது. பந்து விழுந்தது, கோப்பை சிகாகோவுக்கு. உலகத்தின் மிகப் பெரிய நட்சத்திரம், கடைசி விநாடியில் பெஞ்சை நம்பினார். எதிரணி நண்பர்கள் நம்பமாட்டேன்னா நான் என்ன செய்ய? (கைதட்டல்)

அந்த ஸ்டீவ் கெர் 2014இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு கோச் ஆனார். பெஞ்சின் அருமை பெஞ்சில் இருந்தவனுக்குத்தானே தெரியும்? ஆண்ட்ரே இகுவடாலா என்ற மூத்த ஆட்டக்காரரைப் பெஞ்சுக்கு வரச் சொன்னார். அதுவரைக்கும் இகுவடாலா ஆடியது 758 ஆட்டம். 758இலும் முதல் அஞ்சில் இறங்கியவர். எப்படி இருந்திருக்கும் அந்த மனுஷனுக்கு? வீட்டில் பெரியவர் சாய்வு நாற்காலியை ஒரு நாள் மருமகன் எடுத்துக்கிட்டாலே ரெண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது! (சிரிப்பு) ஆனா அவர் ஒத்துக்கிட்டார். அந்த சீசன் முழுக்க ஒரு ஆட்டத்தில்கூட முதல் அஞ்சில் இறங்கலை. 2015 இறுதிப் போட்டியில் வாரியர்ஸ் 1-2 என்று பின்தங்கினப்போ நாலாவது ஆட்டத்தில் கெர் அவரை முதலில் இறக்கினார். மூணும் வெற்றி. இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் யார்? 11 வாக்கில் ஏழு இகுவடாலாவுக்கு. மிச்சம் நாலு எதிரணி லெப்ரானுக்கு. அந்த அணியின் நட்சத்திரம் ஸ்டீஃபன் கரிக்கு ஒண்ணுகூட இல்லை!

இப்போ ஒரு உண்மையையும் ஒப்புக்கணும். பழைய ஆளாகப் பார்த்துச் சேர்த்தாலே ஜெயிச்சுடலாமா? முடியாது. 2021-22இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் பெரிய பெரிய பழைய பெயர்களாகச் சேர்த்தாங்க. வெஸ்ட்புரூக், கார்மெலோ ஆன்டனி, டுவைட் ஹோவர்ட். 33 வெற்றி, 49 தோல்வி. அடுத்த சுற்றுக்கே தகுதி பெறலை. ஏன்? பெயரைப் பார்த்துச் சேர்த்தாங்க, பொருத்தத்தைப் பார்க்கலை. பத்து வருஷத்துக்கு முன்னாடி இவர் என்ன செய்தார்ங்கிறது கேள்வி இல்லை. இன்னிக்கு இவரால் எது ஒண்ணு நல்லாச் செய்ய முடியும்? மூலையில் நின்னு எறிய முடியுமா? எதிராளியை மறிக்க முடியுமா? எட்டு நிமிஷம் தப்பில்லாம பந்தைக் கொண்டுபோக முடியுமா? அந்த ஒண்ணைக் கண்டுபிடிக்கிற கண்தான் பெஞ்சைக் கட்டுகிற கண்.

காசு விஷயமும் இருக்கு. அங்கே சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ரெண்டு மூணு நட்சத்திரத்துக்குக் கொடுத்தாலே கஜானா காலி. 2023இல் வந்த புது ஒப்பந்தம், வரம்பை ரொம்பத் தாண்டுகிற அணிகளின் கையை இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கு. மிச்ச இடங்களைக் குறைந்தபட்சச் சம்பளக்காரங்களை வச்சுத்தான் நிரப்பணும். அந்தக் குறைந்தபட்சமும் அனுபவம் கூடக் கூட ஏறும். அப்போ அணிகள் என்ன நினைக்கும்? ‘மூத்தவன் எதுக்கு, செலவு ஜாஸ்தி, சின்னப் பையனை எடுத்துக்கலாம்.’ அதைத் தடுக்க ஒரு விதி வச்சிருக்காங்க. மூத்தவரை ஒரு வருஷத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தில் எடுத்தா, ரெண்டு வருஷ அனுபவக்காரருக்கு உள்ள தொகையை மட்டும் அணி கொடுத்தால் போதும். மேலே உள்ளதை லீக்கே கொடுத்துடும். அனுபவமே ஒருத்தனுக்கு வினையாகிவிடக் கூடாதுன்னு நினைச்சிருக்காங்க பாருங்க! (கைதட்டல்)

நடுவர்: (மணி அடிக்கிறார்) நேரம் ஆச்சு. முதல் அஞ்சு பேருக்கும் கொடுத்த அதே நிமிஷம்தான் உங்களுக்கும்.

முடிச்சுடறேன் ஐயா. கடைசியா ஒருத்தர். உடோனிஸ் ஹாஸ்லம். 2002 டிராஃப்டில் யாரும் எடுக்காதவர். 2003இலிருந்து 2023 வரை மயாமியில் மட்டுமே 20 சீசன். மூணு கோப்பை. அதில் கடைசி ஏழு சீசனில் எந்த சீசனிலும் 20 ஆட்டம்கூட ஆடலை. ஒரு சீசனில் ஆடினதே ஒரே ஒரு ஆட்டம். அதிலும் மூணு நிமிஷத்துக்குள்ள சண்டை போட்டு வெளியேத்திட்டாங்க! (பெருஞ்சிரிப்பு) அப்படிப்பட்டவரை அணி ஏன் வருஷா வருஷம் வச்சுக்கிட்டது? புதுசா வர்ற பையன்களுக்கு எப்படிப் பயிற்சி செய்யணும், எப்படித் தோல்வியைத் தாங்கணும், எப்படிக் காத்திருக்கணும்னு சொல்லித் தர அங்கே ஒரு பெரியவர் வேணும். அதுக்குத்தான். 2023 இறுதிப் போட்டியில் 42 வயசில் சில விநாடி களம் இறங்கினார். 2024இல் அவருடைய 40ஆம் எண் பனியனை, இனி யாருக்கும் கிடையாதுன்னு கூரையில் ஏத்தி மாட்டிட்டாங்க. பெஞ்சில் உட்கார்ந்தவனின் பனியன் ஐயா அது!

இந்த அரங்கத்தில் எத்தனையோ பேர் இருக்கீங்க. அலுவலகத்தில் பதவி உயர்வுப் பட்டியலில் பேர் வராதவங்க. அம்பது வயசாச்சு, இனி இவர் எதுக்குன்னு ஓரமா நாற்காலி போடப்பட்டவங்க. உங்ககிட்ட ரெண்டு வார்த்தை. கடலை கொறிக்காதீங்க. ஆட்டத்தைப் பார்த்துக்கிட்டே இருங்க. நான் பார்க்கலை, அதனால சொல்றேன். அதேபோல, ஆளை உட்காரவைக்கிற இடத்தில் இருக்கிறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. உங்க பெஞ்சை ஒரு தடவை திரும்பிப் பாருங்க. அவங்களுக்கும் வெள்ளை பனியன் கொடுத்துப் பழக்குங்க. கடைசி அஞ்சு விநாடியில் பந்து யார் கைக்குப் போகும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நட்சத்திரம் வேண்டாம்னு நான் சொல்லலை. வானத்துக்கு அது அழகுதான். ஆனா ராத்திரி கரண்ட் போனா நாம தேடுறது நட்சத்திரத்தையா? மாடத்தில் எடுத்து வச்ச அகல் விளக்கையா? (கைதட்டல்) எங்கள் அணிக்கே நல்ல தீர்ப்பைத் தாருங்கள் என்று கேட்டு, ஆறாவது ஆள் விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)